ஓடாத சைக்கிளில் மதகடி வரை

சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டு நான் கேட்காமல் விழுங்கிய கேள்விகளை ஏற்றினால் ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறையும். (ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்குப் பெட்டி கொஞ்சம் பெரிசு.) அதில் ஒன்றை மட்டும் வாய் திறந்து கேட்டிருந்தால், முரசுமோட்டைப் பொதுநோக்கு மண்டபத்தில் நான் சைக்கிளால் விழுந்திருக்க மாட்டேன். அதுவும் ஓடாத சைக்கிள்.

மகள் தர்சினி பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். நம் உடம்பின் கலங்களுக்குள் இழைமணிகள் என்று கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள் எரிகின்றனவாம். உடம்பை வருத்தும்போது அவை சில மூலக்கூறுகளை இரத்தத்தில் அனுப்பி மற்ற உறுப்புகளுக்குச் சேதி சொல்லுமாம். அந்தச் சேதி எவ்வளவு கூடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஓய்ந்த உடம்பில் ஒருமுறை, அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தபின் ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும். ஊரில் எட்டு ஆம்பிளைகள் சம்மதித்தோம். பிழையாகிப் போனால் அவளுடைய படிப்பு ஒரு வருடம் பிந்தும்.

“அப்பா, ரெண்டு நாளைக்குத் தேகாப்பியாசம் ஒண்டும் செய்யக்கூடாது. விளங்கிச்சோ?”

“ஓம் பிள்ளை.”

உள்ளுக்குள் சிரித்தேன். வெள்ளைச் சப்பாத்துப் போட்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள் செய்வதல்லவா அது? நான் பிறந்ததிலிருந்தே செய்ததில்லை. அதற்கு வேறு அர்த்தமும் உண்டோ என்று கேட்க வாய் வந்தது; சிரிப்பாள் என்று விழுங்கிவிட்டேன்.

குறித்த நாள் விடியற்காலையில் எங்கள் தண்ணீர் முறை. மண்வெட்டியோடு போய், வரம்பில் வக்கடை வெட்டி வயலுக்குத் தண்ணீர் விட்டேன். இடிந்த வரம்புக்கு இரண்டு மணி நேரம் மண் அணைத்தேன். பிறகு குளித்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

முதல் ஆள் நான்தான்.

“தேகாப்பியாசம் செய்தனீங்களோ?” மகள் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இல்லை.”

தாதி இரத்தம் எடுத்தார். நின்ற இடத்திலேயே மிதிக்கிற அந்தச் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கினேன். மின்விசிறிக் காற்று முகத்தில் பட, கண் மெல்லச் செருகியது.

வாய்க்கால் தெருவில் போகிறேன். பக்கத்தில் தண்ணீரும் கூடவே வருகிறது. அதற்குள் சின்னச் சின்ன வெளிச்சங்கள். ஒவ்வொன்றும் ஒரு சேதியைச் சுமந்து யாருடைய வீட்டையோ தேடிப் போகிறது. கரையில் நின்ற கொக்கு எனக்குத் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். மதகு வந்தது. மதகடியில் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பினேன். சைக்கிள் திரும்பவில்லை.

நிலத்தில் கிடந்தபடியே, “வக்கடையைக் கட்டுங்கோ, தண்ணி போகுது!” என்று கத்தினேனாம்.

“எந்த வக்கடை?” மகள் குனிந்தாள்.

“காலமை வெட்டினது.”

“அப்பா! காலமை வயலுக்குப் போனனீங்களோ?”

“ஓம்.”

“தேகாப்பியாசம் செய்யேல்லை எண்டு சொன்னீங்கள்!”

“அது வேலையெல்லோ பிள்ளை.”

வாசலில் காத்திருந்த பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை மெல்லத் தலையை நீட்டினார். “தங்கச்சி, அப்ப நான் விறகு கொத்தினது?”

மற்ற ஆறு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மாட்டுக்குப் புல் வெட்டிவிட்டு வந்திருந்தார். இன்னொருவர் விசுவமடுவிலிருந்து நெல் மூட்டை ஏற்றி வந்திருந்தார். மகள் கதிரையில் இருந்தபடி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில்தான் சிரிக்கிறாள் என்று விளங்கியது.

“அப்பா, நீங்கள் விழாட்டி எட்டுப் பேற்ற இரத்தமும் எனக்குப் பொய் சொல்லியிருக்கும்.”

புது நாள் குறித்தாள். அதற்கு முந்தின இரண்டு நாளும் நாங்கள் எட்டுப் பேரும் மாப்பிள்ளைமார் போலக் கதிரையில் இருக்க, மனைவிமார் வயலைப் பார்த்தார்கள். என் மனைவி முழங்கால் வரை சேற்றோடு வந்து மகளிடம் கேட்டாள்:

“பிள்ளை, சேதியெல்லாம் இப்ப என்ர இரத்தத்திலயெல்லோ ஓடுது. அதை ஆர் எடுக்கிறது?”

மகள் நேரத்துக்கே படிப்பை முடித்தாள். அவளுடைய படிவத்தில் இப்போது முதல் கேள்வி, “இன்று வயலுக்குப் போனீர்களா?” என்பதுதான். நான் உண்மையான சைக்கிளில் ஏறும்போதெல்லாம் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் மனைவியின் குரல் வருகிறது:

“மதகடியில சைக்கிளும் திரும்புதோ எண்டு பாத்துத் திரும்புங்கோ!”