நடு சோபாவில் கேட்காத கீர்த்தனை

துவாரகா, புதுதில்லி
வியாழக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான ஜெபராஜ் பெரியப்பா அவர்களுக்கு,

பியூலா பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் என்னுடைய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் சுகம். நொய்டாவில் நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்கவும், உங்கள் ரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தின் கடைசி வரி வரை தாக்குப்பிடிக்கவும் ஜெபிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "கம்பியை மாற்றியது நீங்கள்தான் பெரியப்பா" என்று நான் சொல்லவில்லை. "உங்கள் குரலை நான் குறைக்கவில்லை" என்று சொல்லவில்லை. "சைமனுக்கு ஓர் அறை வேண்டுமென்றால் நொய்டாவில் உங்களுக்கு மூன்று இருக்கிறதே" என்றும் சொல்லவில்லை. "தண்ணி வேணுமா பெரியப்பா?" என்று மட்டும் கேட்டேன். அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டீர்கள். கிண்டல்தான்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வுபெற்ற நீங்கள் "எதுன்னாலும் ரைட்டிங்ல குடுட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் லிஃப்டுக்குள் போனீர்கள். இதோ, எழுத்தில் தருகிறேன்.

பெரியம்மாவின் தம்பி மகன் சைமன் போட்டித் தேர்வுக்குப் படிக்க அடுத்த மாதம் தில்லி வருகிறான், எங்கள் வீட்டில்தான் தங்குவான் என்று கூட்டத்துக்கு முந்தின வாரம் நீங்களே முடிவு செய்தீர்கள். கண்ணாடி அடைத்த பால்கனிதான் அவனுக்கு அறை என்பதும் உங்கள் முடிவு. அங்கே என் மேசையும் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் ஸ்பீக்கர்களும் இருப்பதால், "அந்தக் குப்பைய கபாடிவாலாட்ட போட்டுரு" என்றீர்கள். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டு முடிவுகளெல்லாம் நொய்டாவில் எடுக்கப்பட்டு மெட்ரோவில் வந்து சேர்கின்றன. அம்மாவும் "சரி அத்தான்" என்று பெற்றுக்கொள்வாள். அம்மா அன்றும் "சரி அத்தான்" என்றாள். நான்தான் வாயைத் திறந்தேன். உடனே நீங்கள் ஒரு தீர்ப்புச் சொன்னீர்கள்: ஜெபக்கூட்டத்தில் உங்கள் கீர்த்தனை ஒலிப்பதிவை அந்தப் பெட்டிகளில் போட வேண்டும், நன்றாகக் கேட்டால் பெட்டிகள் இருக்கலாம், இல்லாவிட்டால் சனிக்கிழமை பழைய சாமான் எடுக்கும் கபாடிவாலா. நானும் ஒத்துக்கொண்டேன். உங்கள் பாட்டின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என் பெட்டிகளின்மேல் இருந்தது.

அந்தப் பெட்டிகள் எப்படி உருவாயின என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். அவை முழு வீச்சு ஸ்பீக்கர்கள், அதாவது மிருதங்கத்துக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்காமல் ஒரே காகிதக் கோன் எல்லாவற்றையும் தானே பாடும், கிட்டத்தட்ட நம் குடும்பத்தில் உங்களைப் போல, ஆனால் அது திருத்தினால் திருந்தும். சாந்தினி சௌக் பக்கம் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து, கோனுக்கு நடுவே இருந்த மூடியை பிளேடால் வெட்டி எடுத்தபோது அம்மா, "எம்மா, நல்லா இருக்கத எதுக்குட்டி அறுக்க?" என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் நர்ஸாக ஆபரேஷன் பார்த்தவள். அந்த ஓட்டையில் வைக்க கீர்த்தி நகரில் மரம் கடைபவரிடம் தோட்டா வடிவத்தில் இரண்டு மரத்துண்டு கேட்டேன், அவர் "பம்பரமா மேடம்?" என்று கேட்டு ஆணி அடித்தே கொடுத்துவிட்டார். கோனில் இரைச்சலை அடக்க மரப்பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன், பூசிய கிண்ணம் அம்மா தயிர் உறை ஊற்றும் கிண்ணம், மறுநாள் அதில் உறைந்த தயிரை இன்னும் யாராலும் கிண்ணத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. பசை காய்வதற்குள் கூலரின் ஈரக்காற்று பட்டுக் கோன் அப்பளம்போல் நெளிந்தது, மறுபடி முதலிலிருந்து. பிறகு பழக்குகிற வேலை: புது செருப்பு மாதிரி, திருத்திய ஸ்பீக்கரும் ஓடி ஓடித்தான் இளகும். சத்தம் வெளியே வராமலிருக்க இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்தி, அலமாரிக்குள் பூட்டி நாள் கணக்கில் பாடவிட்டேன். அப்போது பார்த்து கீழ்வீட்டு அல்போன்சா ஆன்ட்டி அம்மாவைப் பார்க்க வந்து, அலமாரிப் பக்கம் காதை வைத்து, "ஹெலன், உள்ள யாரோ முனங்குதாங்க, அச்சா ஆளு மாதிரி தெரியல" என்று ஓடிப்போய் மாதா கோயில் தீர்த்தம் கொண்டுவந்து கதவில் தெளித்துவிட்டார்கள். ரஜாய் நனைந்தது. கோன் மறுபடி அப்பளம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் சரியானது பெரியப்பா. பதிப்பகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்திவிட்டு வந்து, ஒரு பெண் பாடுவதைப் போட்டேன். இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், அவள் வந்து நின்றாள். மூச்சு இழுத்தது கேட்டது. நான் எழுந்து அவளுக்கு நாற்காலி போட இருந்தேன். அந்தப் பால்கனியை நான் ஏன் விடமாட்டேன் என்பதற்கு இதற்கு மேல் காரணம் என்னிடம் இல்லை, இதுவே போதும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கம்பிக்கு வருகிறேன். ஒரு டார்ச் பேட்டரியை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் தொட்டால் கோன் முன்னால் வரும். மாற்றித் தொட்டால் பின்னால் போகும். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தே முன்னால் வர வேண்டும். ஒன்று வரும்போது மற்றது போனால், சரியாக நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாடகரின் குரல் கரைந்துவிடும். ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. இடது ஸ்பீக்கரில் அதைத் தயாரித்த கம்பெனிக்காரர்களே சிவப்பு, கறுப்பு அடையாளத்தை மாற்றிப் போட்டிருந்தார்கள். பெட்டியை ஒட்டி மூடிய பிறகுதான் பேட்டரி அதைக் காட்டிக்கொடுத்தது. அதனால் வெளியே அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் சிவப்புக் கம்பியைக் கறுப்பு முனையில் மாட்டியிருந்தேன். பார்ப்பதற்குத் தப்பு, கேட்பதற்குச் சரி.

ஆனால் ஒரு சிவப்பு கறுப்பில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க உங்களால் முடியுமா? போதகர் ஜெபத்தைத் தொடங்கினார், எல்லோரும் கண்ணை மூடினார்கள், தேசத்துக்காகவும் தில்லியின் காற்றுக்காகவும் அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் மெல்லக் குனிந்து, முனகலோடு மண்டியிட்டு, கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்த இடது பெட்டியின் பின்னால் கையை விட்டுச் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டிவிட்டு, சரியாக "ஆமென்" சொல்வதற்கு எழுந்தீர்கள். பக்கத்தில் இருந்தவர்கள் நீங்கள் ஜெபபாரம் தாங்காமல் மண்டியிட்டதாக நினைத்திருப்பார்கள்.

பிறகு பாட்டு. நீங்கள் மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எங்களுக்குத் தந்த, எங்கள் வீட்டு வாசல் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்த, பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் அந்த ரெக்சின் சோபாவின் நட்டநடுவில், உங்கள் வழக்கமான இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். கீபோர்டு வந்தது. தபலா வந்தது. நீங்கள் வரவில்லை.

"ஏட்டி, நான் எங்கட்டி?"

"பாடிட்டுத்தான் இருக்கீங்க பெரியப்பா."

"எங்க பாடுதேன்? எனக்குப் பின்னால ஏதோ கெணத்துக்குள்ள இருந்து ஒருத்தன் கத்துதான், அது நானா?"

ஓரத்து நாற்காலியில் அல்போன்சா ஆன்ட்டி உருகிக்கொண்டிருந்தார்கள். "என்ன அண்ணே இப்படிச் சொல்லுதீய, கணீர்னு கேக்குல்லா! நேர்ல பாடுறத விட நல்லா இருக்கு."

"எனக்குக் கேக்கல சிஸ்டர்!"

"சொந்தக் கொரலு யாருக்குத்தான் பிடிக்கும்," என்று ஆன்ட்டி ஆறுதல் சொன்னார்கள்.

நீங்கள் எழுந்து நின்று, "வேணும்னே என் கொரல மட்டும் அமுக்கிட்டா இவ. போதும், முடிஞ்சுது. சனிக்கிழம கபாடி," என்றீர்கள். நான் ஏன் அப்போதே சொல்லவில்லை? சொன்னால் முதல் கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும்: ஜெப நேரத்தில் உனக்கு எப்படித் தெரிந்தது? கண்ணை மூடாத பெண் என்ற பெயரோடு போதகர் முன்னால் நிற்பதைவிட, ஸ்பீக்கர் செய்யத் தெரியாத பெண் என்ற பெயரோடு நிற்கலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆம், நான் கண்ணை மூடவில்லை. நீங்களும் மூடவில்லை. நம் இருவரில் மண்டியிட்டது நீங்கள் மட்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே பெட்டிகள் போகாது. பால்கனியையும் விடமாட்டேன். சைமன் வரட்டும், படிக்கட்டும், கலெக்டராகட்டும், ஆனால் வேறிடம் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் தீர்ப்பை நான் மறுக்கவில்லை, மறுவிசாரணைதான் கேட்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். அதே சோபாவில், அதே நடுவில் உட்காருங்கள். கம்பியைத் தொடாதீர்கள். உங்கள் குரல் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அதில் சுதி எங்கே விலகுகிறது என்பது உட்படக் கேட்கும். நீங்கள் தந்த சோபாவை அதுவரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வோம். அம்மாவிடம் கம்பி விஷயத்தைச் சொல்லவில்லை. அவளுக்கு உங்கள்மேல் உள்ள மரியாதை அப்படியே இருக்கட்டும்.

பெரியம்மாவுக்கு என் தோத்திரம். கிருபையும் சமாதானமும் உங்கள் வீட்டில் பெருகட்டும். பெருகியது போக மிச்சம் இருந்தால் மெட்ரோவில் இங்கேயும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படியாத மகள்,
பியூலா

பின்குறிப்பு: உறையில் போட்டும் இதை நான் தபாலில் சேர்க்கவில்லை. இன்று சனிக்கிழமை. காலையில் கபாடிவாலா ஆரிப் பையாவைக் கூப்பிட்டது அம்மாதான். நான் பால்கனிக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லுட்டி. நானும் பாத்தேன், அத்தான் குனிஞ்சத," என்றாள்.

"நீயும் கண்ண மூடலையாம்மா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தியாவது மூடியிருக்கணும். அதான் வாய மூடிக்கிட்டேன். இப்ப எடம்தான பிரச்சன?"

ஆரிப் பையா வாசல் கதவைக் கழற்றினார். சோபா போய்விட்டது. அந்த இடத்தில் சைமனுக்குக் கட்டில் போட்டிருக்கிறோம்.