பார்லிமெண்ட் அக்கா

இந்த நாட்டு மந்திரிகளை அதிகம் திட்டிய ஆள், ஓட்டே இல்லாத ஒரு கொழுந்து பறிக்கும் பெண்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கம் நான் வாத்தியாராக இருந்த தோட்டத்தில் அவருக்குப் பெயரே பார்லிமெண்ட் அக்கா.

கடைத்தெருவில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடையில் அப்போது புதிதாக டிவி வந்திருந்தது. வாரம் ஒருநாள் சிங்கள நாடகம். அதில் ஒரு மந்திரி. ஊருக்குக் கிணறு வெட்டித் தருவதாகச் சொல்லி அடிக்கல் நட்டுவிட்டுக் காணாமல் போய்விடுவான். அக்கா செருப்பைக் கழற்றி வீசினார்.

"டிவி ஒடைஞ்சா யாரும்மா தார?" என்று நானா அலறினார்.

"அவன்கிட்ட கேளுங்க நானா, அவன்தானே மந்திரி!"

மறுநாளே நானா கோழிக்கூட்டு வலை வாங்கி டிவிக்கு முன்னால் அடித்துவிட்டார். நாட்டிலேயே மந்திரியைக் கம்பிக்குள் வைத்தது எங்கள் கடைத்தெரு மட்டும்தான்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயங்களுக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. மலைத்தண்ணீர் விழும் பீலி வற்றினால், நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த பெண்கள் குடத்தோடு மறுபடி மலையேற வேண்டும். தேர்தல் நெருங்கியதும் நிஜ அரசியல்வாதி ஒருவர் வந்தார். குழாய் போடுவாராம், அடிக்கல் நடுவாராம். கூட்டத்தில் அக்கா எழுந்தார்.

"கல்லு மட்டும் நடாதீங்க ஐயா! நட்டா அடுத்த வாரம் வரமாட்டீங்க. நான் டிவியில பாத்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. அரசியல்வாதியின் கையாள் ஒருவன் எகிறினான். "ஒனக்கு ஓட்டு இருக்கா?"

"இல்லிங்க. தாகம் இருக்குங்க."

எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சுதந்திரம் வந்த கையோடு தோட்டத் தமிழர்களின் குடியுரிமையையும் ஓட்டையும் பிடுங்கியதும் இந்த அரசியல்வாதிக் கூட்டம்தான், ஓட்டு இருக்கா என்று கேட்பதும் இந்தக் கூட்டம்தான்!

அதோடு விட்டார்களா? இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து மனிதர்களை ஆட்டுக்குட்டி மாதிரிப் பங்கு போட்டிருந்தன. அக்கா இந்தியாவின் பங்கு. பிறந்தது முதல் இந்த மலையை விட்டு இறங்காதவரை, பார்த்தேயிராத ஒரு நாட்டுக்குக் கோச்சி ஏற்றினார்கள். ஸ்டேஷனே அழுதது. அக்கா மட்டும் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"மாஸ்டர், கல்லு நட வருவானுங்க. நீங்க எந்திரிச்சுக் கேளுங்க!"

அடுத்த மாதமே வந்தார்கள், மாலையும் மேளமுமாக. எழுந்தேன். வாயைத் திறந்தேன். அக்கா கேட்டால் மலையே திரும்பிப் பார்க்கும். எனக்கு முன்வரிசைகூடத் திரும்பவில்லை. மேளம் அடித்தார்கள், கல்லை நட்டார்கள், போய்விட்டார்கள்.

நீங்க போயிருக்கக் கூடாதுக்கா.