மாமாவின் கணினியில் நான் லினக்ஸ் போட்ட கதை

யாரும் கேட்காமலே உதவி செய்கிற பழக்கம் எனக்கு ஒருகாலத்தில் இருந்தது. இப்போது இல்லை. அது என்னை விட்டுப் போன விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. மனைவி சுகந்தியின் ஊர் தீவுப்பகுதியில், புளியங்கூடலுக்குக் கிட்ட. அந்த நாட்களில் என்னை லினக்ஸ் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய, இலவசமாகக் கிடைக்கிற இயங்குதளம் அது. வைரஸ் தொல்லை குறைவு, பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக ஓடும் என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். கல்யாணம் நிச்சயமான பிறகு சுகந்தியோடு முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியபோது முக்கால் மணி நேரம் லினக்ஸைப் பற்றித்தான் பேசினேன். (அவ அப்பவே ஓடியிருக்கலாம். ஏனோ ஓடேல்லை.)

சுகந்தியின் அப்பா, அதாவது என் மாமா, ஓய்வுபெற்ற தபாலதிபர். ஊர்ப் பிள்ளையார் கோவில் சபையின் செயலாளர். ஒரு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு இரண்டாவது சொல்லைச் செலவழிக்கமாட்டார். அவருடைய கணினி முன்னறையில், மாமி பின்னிய பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு இருந்தது. காலையில் அதை முடுக்கிவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் குளித்து, திருநீறு பூசி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால்தான் அது கண் திறந்திருக்கும். மாமாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நானும் சுகந்தியும் அங்கே போயிருந்த ஒரு சனிக்கிழமை மாமா ஏதோ அலுவலாக ஊர்காவற்றுறைக்கு பஸ் ஏறினார். அவர் திரும்பி வருவதற்குள் லினக்ஸ் போட்டு அவரைத் திகைக்கவைப்பது என்று முடிவு செய்தேன்.

"அப்பான்ர கம்பியூட்டரில கை வைக்காதேங்கோ. திருவிழா நோட்டீஸ் அதுக்குள்ளதான் கிடக்கு" என்றாள் சுகந்தி.

"எல்லாத்தையும் பிரதி எடுத்து வைச்சிட்டுத்தான் செய்வன். நீர் பயப்பிடாதையும்" என்றேன்.

அந்த நோட்டீஸைப் பற்றிச் சொல்லவேண்டும். கோவில் திருவிழா பதினைந்து நாள். ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் பொறுப்பெடுத்துச் செய்யும். அவர்களை உபயகாரர் என்பார்கள். எந்த நாள் யாருடையது, யாருடைய பெயரை எப்படிப் போடுவது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் பெயரையும் சேர்ப்பதா என்பதெல்லாம் அந்த நோட்டீஸில்தான் வரும். ஒன்பதாம் திருவிழா அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. யாருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்பதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. மாமா இரண்டு மாதமாக வீடு வீடாக நடந்து, அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தீர்த்து, தட்டச்சு செய்து வைத்திருந்தார். வருகிற புதன்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும்.

என்னிடம் இரண்டு பென்ட்ரைவ் இருந்தன. இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை, ஒரே கறுப்பு நிறம். ஒன்றில் லினக்ஸை ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருந்தேன். மற்றதில் மாமாவின் கோப்புகளை ஒன்று விடாமல் பிரதி எடுத்தேன். இதுவரை நான் செய்த எல்லாமே சரி. இந்த இடத்தில் எனக்கு மாரடைப்பு வந்திருந்தால்கூட ஊர் என்னைக் கெட்டிக்காரன் என்றே நினைவு வைத்திருக்கும்.

லினக்ஸ் பென்ட்ரைவைச் செருகிக் கணினியை முடுக்கினேன். கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. எழுதியதில் ஏதோ பிழை என்று நினைத்து, என் மடிக்கணினியில் இன்னொரு தடவை எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் 'இதில் உள்ள எல்லாம் அழியும், தொடரலாமா?' என்று திரை கேட்டது. ஓம் என்றேன். இந்த முறை மாமாவின் கணினி ஏற்றுக்கொண்டது. 'இருப்பதோடு சேர்த்து நிறுவவா, வன்தட்டை முழுதாக அழித்துவிட்டு நிறுவவா?' என்று கேட்டது. பழைய குப்பை எதற்கு என்று அழிக்கச் சொன்னேன். 'நிச்சயமாகவா?' என்று மறுபடியும் கேட்டது. ஓம் என்றேன். (என்ர கலியாணத்துக்கே ஒருக்காத்தான் சம்மதம் கேட்டவை.)

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கணினி கண்ணை மூடித் திறப்பதற்குள் எழும்பியது. திரையில் மலையும் ஏரியுமாக ஒரு படம். மாமி வந்து பார்த்து, நல்ல வடிவாக இருக்கிறது என்றார். மதியம் மாமா வந்தார். நான் கணினியை நிறுத்தி, திரும்ப முடுக்கிக் காட்டினேன். மாமா புருவத்தை உயர்த்தினார். அவரிடம் அது பெரிய விஷயம். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நோட்டீஸைத் திறக்கச் சொன்னார்.

பென்ட்ரைவைச் செருகினேன். உள்ளே லினக்ஸ் இருந்தது. சிரித்துக்கொண்டே மற்றதைச் செருகினேன். அதற்குள்ளும் லினக்ஸ்.

நான் முதலாவதை மறுபடி செருகிப் பார்த்தேன். பிறகு இரண்டாவதை. பிறகு இரண்டையும் மேல்கீழாகத் திருப்பி, துடைத்து, ஊதிச் செருகினேன். இரண்டாவது தடவை எழுதும்போது எந்தக் கறுப்பை எடுத்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

"தம்பி, நோட்டீஸ் எங்கை?"

"பென்னில இருந்தது மாமா."

"இப்ப?"

"இல்லை மாமா."

அவர் திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன். எழும்பிப் போய்ச் சட்டையை மாற்றினார். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்தார். "மோட்டார் சைக்கிளை எடும்" என்றார்.

அன்று பின்னேரமும் ஞாயிறு முழுவதும் பதினைந்து உபயகாரர் வீட்டுக்கும் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் மாமா என்னை ஒரே மாதிரியாகத்தான் அறிமுகம் செய்தார்:

"இவர் எங்கட மருமகன். லிஸ்ட்டை அழிச்சவர்."

கல்யாணத்தில் என்னைச் சரியாகப் பார்க்காதவர்கள் எல்லோரும் இப்போது வடிவாகப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் ஏதாவது குடிக்கத் தந்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இருக்கவில்லை. ஒன்பது தேத்தண்ணி, நான்கு நெல்லிரசம், இரண்டு இளநீர் குடித்தேன். நாலாம் திருவிழாக்காரரான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், லினக்ஸ் என்றால் என்னவென்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பத்து நிமிடம் விளக்கினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அப்ப முந்தியிருந்தது வேலை செய்துகொண்டுதானே இருந்தது?"

ஏழாம் திருவிழாக்காரர் மண்டைதீவில் மகளோடு இருந்தார். கடல் நடுவே போகும் தாம்போதிப் பாதையில் கடற்காற்று மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. பின்னால் மாமா கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். என்னைப் பிடிக்கவில்லை. ஆள் விழுந்தாலும் லிஸ்ட் விழக்கூடாது என்பதுபோல இருந்தது.

கடைசியாக, யாரும் போகப் பயப்படுகிற ஒன்பதாம் திருவிழா வீடு. தம்பிக்காரர் வாசலிலேயே, போன வருஷம் அண்ணன் பெயர் முதலில் வந்ததைப் பற்றி ஆரம்பித்தார். மாமா வழக்கமான அறிமுகத்தைச் சொன்னார். வெயிலில் கறுத்து, தேத்தண்ணியால் வீங்கி, தூணில் சாய்ந்து நின்ற என்னைத் தம்பிக்காரரின் மனைவி பார்த்தார்.

"ஐயோ பாவம், பெடியன்ர முகத்தைப் பாருங்கோ. உந்த ஆளை இன்னும் அலைய விடாமல் மூத்தவரின்ர பேரையே முதல்ல போடச் சொல்லுங்கோ."

தம்பிக்காரர் என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சரி என்றார். அடுத்த வளவில் இருந்த அண்ணனிடம் போய் இதைச் சொன்னோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் தம்பியின் பெயரையே முதலில் போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். அதுவும் போய்த் தம்பிக்குக் கேட்க, அவர் வேலிக்கு மேலால் எட்டி மறுத்தார். ஒரு வருஷமாகப் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். மாமா அவசரமாக ஏதோ ஒரு ஒழுங்கில் எழுதிக்கொண்டு, அவர்கள் மனம் மாறுவதற்குள் கொப்பியை மூடினார்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். மாமா தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது அடுத்த வில்லங்கம் வந்தது. அவர் பழகியது பழைய தமிழ்த் தட்டச்சு. அதற்குரிய எழுத்துரு லினக்ஸில் இல்லை. தமிழை அடித்தால் திரையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தன. நான் வியர்த்து விறுவிறுத்து இணையத்தில் தேடி, பழைய தட்டச்சு ஒழுங்கிலேயே இயங்கும் தமிழ் விசைப்பலகை ஒன்றை நிறுவினேன். மாமா தயங்கித் தயங்கிப் 'பிள்ளையார்' என்று அடித்தார். பிள்ளையார் பிழையில்லாமல் வந்தார். பிறகு அவருடைய விரல்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே. பின்னேரத்துக்குள் பதினைந்து நாளும் முடிந்தது.

"பரவாயில்லை" என்றார் மாமா. அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் குசினிக்குள் போய், சமைத்துக்கொண்டிருந்த மாமியிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

நோட்டீஸ் புதன்கிழமை அச்சுக்குப் போனது. மாமா இன்றுவரை லினக்ஸ்தான் பாவிக்கிறார். புதுப்பிப்புகளைத் தானே போடுகிறார். விண்டோஸ் வைத்திருக்கும் சபை உறுப்பினர்களைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

ஆனால் ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்களுக்கு ஊரிலிருந்து அழைப்பு வருவது நின்றுவிடும். பிறகு ஒருநாள் மாமா தொலைபேசி எடுப்பார். "நோட்டீஸ் அச்சடிச்சாச்சு. இனி மருமகன் வரலாம்" என்பார்.

அந்த வசனம் வீட்டில் நிலைத்துவிட்டது. மாமி கறியை இறக்கி மூடி வைத்ததும் அதைத்தான் சொல்லுவார். சுகந்தியின் தங்கையான மச்சாள் குழந்தையை நித்திரையாக்கிவிட்டு அதைத்தான் சொல்லுவாள். போன மாதம் என் மகள் பள்ளிக்கூட ஒப்படையை எழுதி முடித்து, பைக்குள் வைத்து, பையை அலுமாரிக்குள் வைத்து, அலுமாரியைப் பூட்டினாள். பிறகு சுகந்தியைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அம்மா, இனி அப்பா வரலாம்."