மூடுபனிக்கு ஒரு மாத்திரை

"இது மனுஷனுக்கா, குதிரைக்கா?" என்று கேட்டாள் மனைவி.

பல்செட்காரர் உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார். ஆரஞ்சு நிறம். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. டப்பாவோடு வாங்கி வந்தவன் அவளுடைய தம்பி, உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன்.

"மல்டிவைட்டமின்க்கா. மாமாவுக்குச் சத்து குறைஞ்சுபோச்சு. மூஞ்சியைப் பாரேன், எங்கேயோ மிதக்கற மாதிரி இருக்கார்."

மிதப்பதென்னவோ உண்மைதான். சில வாரங்களாகவே உலகத்தின் ஓரங்களை யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மரங்களில் இலைகளைக் காணோம். பச்சைப் புகை மட்டும் கிளைகளில் தங்கியிருந்தது. விளக்கு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு பஞ்சு வளையத்தைச் சூடிக்கொண்டது. எதிரே வருவது யாரென்று பிடிபடாததால் எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைத்தார். ஒருநாள் கொடியில் காய்ந்த பக்கத்து வீட்டுக்காரரின் கோட்டுக்கு வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோரும் நலமா என்றும் விசாரித்துவிட்டார்.

பயமாகத்தான் இருந்தது. வெளியே சொல்ல வெட்கம், கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

"அவருக்கு ஒரு குறையும் இல்லை. மாத்திரையும் வேணாம், மண்ணும் வேணாம்" என்று சொல்லி, மனைவி டப்பாவைப் பிடுங்கி அலமாரியின் உச்சியில் வைத்தாள்.

பல்செட்காரருக்கு மனசு சுருக்கென்றது. தபால் நிலையத்தில் கவுன்டரில் உட்காருகிறவள் அவள். முத்திரை ஒரு நூல் கோணலாக விழுந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். புருஷன் ஆவியாகிக் கரைந்துகொண்டிருப்பது மட்டும் கண்ணில் படவில்லையா?

சாயங்காலம் இருவரும் நடக்கப் போனார்கள். அவர் தடுக்கி விழ ஆரம்பித்ததிலிருந்து ஏற்பட்ட புதுப் பழக்கம் அது.

"படி இருக்கு, பார்த்து" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தி வெளிச்சத்தில் தெரு முழுக்கப் பாலாடை படர்ந்தாற்போல் இருந்தது. அதன் நடுவில் மனைவியின் முகம், மெல்லிய துணிக்குப் பின்னால் ஏற்றிய விளக்கு மாதிரி தெரிந்தது. இந்தச் சில வாரங்களாகவே செய்வதுபோல் அவர் நின்று பார்த்தார்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?"

"உன்னைச் சுத்தி ஒரு ஒளி மாதிரி தெரியுது."

அவள் பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இது சத்துக்குறைவு இல்லைங்க" என்றாள் மெதுவாக.

ஒளிவட்டம் தெரிவது சத்துக்குறைவு இல்லையென்றால் வேறு எது? பல்செட்காரர் மறுநாளே ஊரைக் கேட்டு முடிவெடுப்பது என்று தீர்மானித்தார்.

அவர் பல்செட் செய்வது ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில். அலமாரி நிறைய மாவுக்கட்டுத் தாடைகள், கிண்ணத்தில் இளஞ்சிவப்பு மெழுகு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியின் கீழே குனிந்தாரென்றால் ஒவ்வொரு பல்லும் பளிச்சென்று தெரியும். நிமிர்ந்து எழுந்தால் மறுபடி மூடுபனி. உட்கார்ந்தால் தெளிவு, எழுந்தால் மயக்கம். சத்து காலுக்கு இறங்காமல் இடுப்போடு நின்றுவிடுகிறது என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க" என்றாள் டாக்டரம்மா. "எது குறையுதுன்னு தெரியாம மாத்திரை போடறது, எந்தப் பல்லுன்னு கேக்காம பிடுங்கற மாதிரி."

நியாயமான பேச்சு. ஆனால் ரத்தம் என்றால் ஊசி வரும். ஊசி என்றால் பல்செட்காரர் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டார். நைசாக மருந்துக் கடைக்காரரிடம் போனார்.

"டி வைட்டமினா இருக்கும் சார். வெயில் படறதே இல்லையே உங்களுக்கு! மாத்திரை எல்லாம் அப்புறம், கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்க."

செலவில்லாத வைத்தியம். மத்தியானம் மொட்டை மாடியில் ஏறி, கைகளை விரித்துக்கொண்டு நின்றார். மேலே மேகமெல்லாம் ஒன்றோடொன்று கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் தானும் ஒரு துண்டு என்று தோன்றிய நேரத்தில் தலை கிர்ரென்று சுற்றியது. தவழ்ந்துதான் இறங்கினார். முகம் தக்காளியாகிவிட்டது. மூடுபனி அப்படியே இருந்தது.

இனி யோசிக்க நேரமில்லை. மனைவி வேலைக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினார். வெறும் வயிற்றில் ஒன்றை விழுங்கினார். அது தொண்டையில் கொஞ்ச நேரம் தங்கி, இடம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனது. பிறகு அன்று முழுக்கக் குமட்டல்.

மறுநாள் சாப்பிட்ட பிறகு போட்டார். குமட்டவில்லை. ஆனால் குளியலறையிலிருந்து வெளிறிப்போய் ஓடிவந்து மைத்துனனுக்கு ஃபோன் போட்டார்.

"டேய், சிறுநீர் பளீர்னு மஞ்சளாப் போகுதுடா!"

"பயப்படாதீங்க மாமா. பி வைட்டமின் அப்படித்தான். உடம்புக்கு வேணுங்கறது போக மிஞ்சினது வெளியே வருது."

"உள்ளே வந்ததே தெரியலை. அதுக்குள்ள மிஞ்சிடுச்சா?"

மிஞ்சுகிற அளவுக்குச் சத்து சேர்ந்தும் மூடுபனி விலகவில்லை என்றால் நோய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ! பீதியில் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொண்டார். வயிறு உறுமிக்கொண்டே கூடவே வேலைக்கு வந்தது.

அன்றைக்குத்தான் அது நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நாற்காலியில் காத்திருந்தார். வரிசையில் அடுத்து, ஒடிசலான பாட்டு டீச்சர். மேல்தட்டிலிருந்து நீதிபதியின் பல்செட் டப்பாவை எடுத்து வரச் சொன்னாள் டாக்டரம்மா. வரிசையாக வெள்ளை டப்பாக்கள். அவற்றின் மேல் பெயர்கள் எறும்புக் கூட்டமாய் ஊர்ந்தன. உத்தேசமாக ஒன்றை எடுத்து நீட்டினார் பல்செட்காரர்.

பாட்டு டீச்சரின் பற்கள் நீதிபதியின் வாய்க்குள் போயின. அத்தனை பெரிய முகத்தின் நடுவில், ஒரு சின்னஞ்சிறு இனிமையான புன்னகை பூத்தது. வாயை மூடவும் முடியாமல், கோபத்தில் திட்டவும் முடியாமல், நீதிபதி எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே எழுந்தார்.

"நாளையிலேருந்து வர வேணாம்" என்றாள் டாக்டரம்மா. "உடம்பைச் சரிபண்ணிட்டு வாங்க. சரியாகலேன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்."

வீட்டுக்கு வந்து மனைவியின் முன்னால் உட்கார்ந்தார். நீதிபதி, வெயில், மஞ்சள், திருட்டு மாத்திரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"ரெண்டு ரெண்டா போட்டீங்களா?" என்று பதறினாள். "வேலையிலயும் இப்படி ஆகுதுன்னு ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"எனக்கு ஒரு குறையும் இல்லேன்னு நீதானே சாதிச்சே!"

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வெறும் ஒளிதான் தெரிந்தது. பிறகு திரும்பி, சம்பந்தமே இல்லாமல் சொன்னாள்:

"முடி நிறைய வளர்ந்துடுச்சு. இப்பவே போய் வெட்டிக்கிட்டு வாங்க."

"நான் உயிர் போகுதுங்கறேன், நீ முடியைப் பத்திப் பேசறியே!"

"எனக்காகப் போங்க. கடை வரைக்கும் நானே கூட்டிட்டுப் போறேன்."

தெருநெடுக அவள் கையை விடவில்லை. வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள். கடை வாசலில் அவரை விட்டுவிட்டு, உள்ளே வராமல் விறுவிறுவென்று திரும்பிவிட்டாள்.

முடிதிருத்துபவர் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். கத்தரி கிச்கிச்சென்று பாடியது. பல்செட்காரர் கண்ணை மூடி, தன் முடிவைப் பற்றி யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்ததும் முடிதிருத்துபவர் இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து அவர் மூக்கில் மாட்டினார்.

உலகம் சட்டென்று நின்றது. எதிர்க் கண்ணாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. வாசலுக்கு வெளியே மரத்தில் இலைகள், எத்தனை இலைகள்!

"இதுதான் சார் உங்களோடது. போன தடவை என்னோட பழைய படிக்கற கண்ணாடியை மாத்தி மாட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. ரெண்டும் ஒரே கறுப்பு ஃபிரேம்."

பல்செட்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் நீதிபதி ஞாபகம் வந்து, கோபம் பொத்துக்கொண்டது.

"ஏம்ப்பா, இத்தனை நாளா இழுப்பறையிலேயே வச்சிருந்தியா? வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

முடிதிருத்துபவர் அவர் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து உதறினார்.

"மறுநாளே தபால் ஆபீஸுக்குக் கொண்டுபோய் அக்காகிட்ட நீட்டினேனே சார்! 'கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நேத்துதான் என் முகத்தை நின்னு பார்த்தார், அடுத்த தடவை முடிவெட்ட வர்ற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்'னு திருப்பிக் குடுத்துட்டாங்க."