கொழும்புப் பெட்டிக்கு ஒரு ஸ்பீக்கர்

"எலிதான்" என்றாள் மனைவி ராஜபாய், பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு.

செல்வதாஸ் ஆம்பிளிஃபயர் பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதம் கிழிந்து தொங்கியது. கிழிசலுக்குள் மூன்று விரலை நுழைக்கலாம். நுழைத்தும் பார்த்தார்.

"கல்யாண வீடுன்னா எலி வரத்தான் செய்யும். அரிசி கெடக்கு, சீனி கெடக்கு..."

"அரிசியையும் சீனியையும் விட்டுட்டு இந்தக் காயிதத்தையா திங்கும்?"

"அதுக்க வாய்க்கு என்ன ருசியோ" என்று சொல்லிவிட்டு ராஜபாய் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மகள் கிரேசிக்கு வருகிற வியாழக்கிழமை கல்யாணம். கோவிலில் தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்ததும் செல்வதாஸ் கிட்டார் வாசிப்பதாக இருந்தது. இருந்தது என்றால், அவராக முடிவு செய்திருந்தார். கிரேசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளைத் தூங்கவைக்க அவரே கட்டிய மெட்டு அது. அதைக் கேட்டால் பிள்ளை அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

அப்போது குடும்பம் கொழும்பில் இருந்தது. செல்வதாஸ் ஓர் ஓட்டலில் ஸ்டோர் கீப்பர். அங்கே டான்ஸ் பாண்டில் வாசித்துக்கொண்டிருந்த பறங்கிக்காரர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது, தன் கிட்டாரையும் அதோடு ஒயர் போட்டு இணைக்கிற ஆம்பிளிஃபயர் பெட்டியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கிட்டாரை மடியில் படுக்கப்போட்டு, இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்கவேண்டும். ஊருக்குத் திரும்பி தக்கலை பஸ் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்த பிறகும் செல்வதாஸ் அதை விடவில்லை. சாயங்காலம் அவர் பெட்டியின் சுவிட்சைப் போட்டால் தெருவில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்காது.

ஆனால் ஒரு குறை. தக்கலை ஜனங்கள் ஒரு தினுசு. மூஞ்சிக்கு நேரே குற்றமும் சொல்லமாட்டார்கள், நல்லதும் சொல்லமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்குக் கோவிலில் வாசித்தார். சபையார் எல்லாரும் தலைகுனிந்து கேட்டார்கள். அறுப்பின் பண்டிகைக்கு வாசித்தார். அப்போதும் குனிந்த தலை நிமிரவில்லை. முடிந்ததும், "என்ன வெயிலு அடிக்கு பாத்தியா" என்று பேசிக்கொண்டே கலைந்து போனார்கள். இத்தனை வருஷத்தில் "நல்லாயிருந்துது" என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சொன்னதில்லை. செல்வதாஸ் வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். ராத்திரி படுத்தால் அதுதான் நெஞ்சில் வந்து உட்காரும். மகள் கல்யாணத்திலாவது ஒருவர் சொல்லமாட்டாரா என்று மனுஷனுக்கு ஓர் ஏக்கம். அந்த நேரம் பார்த்து இந்தச் சவத்து எலி.

சங்கதி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலமே பஸ் கம்பெனிக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் ஞானசிங் ஒரு துணி மூட்டையோடு வந்தான்.

"அண்ணே, எனக்க மச்சான் வீட்டு ரேடியோவுல உள்ள ஸ்பீக்கரு. பிள்ளைக்க கல்யாணத்துக்கு நம்மளால ஆனது. வச்சுகிடுங்க."

செல்வதாஸ் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். "உனக்கு எப்பிடிடே தோணிச்சு?"

"தோணிச்சு அண்ணே. இதத்தான் போடணும், கேட்டியளா."

கல்யாண வீட்டுக்கு வருவதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஒருவர் வாழைக்குலை கொண்டுவருவார், ஒருவர் உருளி கொண்டுவருவார். வாங்கினால் போதாது, கொண்டுவந்தவர் கண்ணில் படும்படி அதைப் புழங்கவும் வேண்டும். உருளியை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டால் அந்தக் குடும்பம் பிறகு முகம் கொடுத்துப் பேசாது. ஆகவே செல்வதாஸ் அங்கேயே உட்கார்ந்து, ஈயம் உருக்கி ஒயரைப் பற்றவைத்து, கம்பியை மீட்டினார். பெட்டி இழுப்பு நோய்க்காரர் போல மூச்சு வாங்கியது. வேறு சத்தம் வரவில்லை.

"இது செரியாவுமாடே?"

"பையச் செரியாவும் அண்ணே. புதுசா வந்த இடமில்லா" என்றான் ஞானசிங்.

மறுநாள் காலையில் ஜவுளிக்கடை நாராயணபெருமாள் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சுமட்டுக்காரர். சுமட்டுக்காரர் தலையில் அரிசி புடைக்கிற சுளவு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர்.

"ஓய் செல்வதாசு, சாயாக்கடைக்காரன் தந்ததையா சம்பந்திக்காரனுக்க முன்னால வைக்கப் போறீரு? இது சினிமாக் கொட்டகையில கெடந்த சாதனம். ஐந்நூறு பேரு கேட்டதாக்கும்."

"இது பெட்டிக்குள்ள கொள்ளாதே."

"பெட்டிய அறுத்தாக் கொள்ளும்."

கொழும்பிலிருந்து கப்பலில் துணி சுற்றிக் கொண்டுவந்த பெட்டி. செல்வதாஸ் ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நாராயணபெருமாள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முன்பலகையை வட்டமாக அறுத்து, பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டார். 'ம்ம்ம்ம்' என்று ஒரு முக்கல். எந்தக் கம்பியைத் தொட்டாலும் அதே முக்கல்.

"கம்பீரமாட்டு இருக்கு" என்றார் நாராயணபெருமாள். "இதையே வச்சுகிடும். மாத்தப்பிடாது."

"பெட்டியும் போச்சா?" என்று கேட்டுவிட்டு ராஜபாய் மரத்தூளைக் கூட்டி வாரினாள்.

அன்று மத்தியானம் ஞானசிங் பந்தல்காரர்களுக்குச் சாயா கொண்டுவந்தான். தன் ஸ்பீக்கர் தரையில் கிடப்பதைப் பார்த்தான்.

"எனக்கதக் கழத்திட்டியளா அண்ணே? அப்போ நாராயணபெருமாளுக்கதுதான் ஒசத்தி?"

"அப்பிடி இல்லடே, ஒரு பரீட்சைக்கு..."

"போட்டும் அண்ணே. நம்ம ஏழைப்பட்டவன்."

செல்வதாஸுக்குக் கொடுத்த சாயாவில் மட்டும் சீனி இல்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் என்ன செய்வது என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அருமனையிலிருந்து மைத்துனன் குமாரதாஸ் வந்து இறங்கினான். கையில் கிராமபோன் குழலைப் போல ஒரு பெரிய தகரக் குழல் ஸ்பீக்கர்.

"அத்தான், ரெண்டையும் தூரப் போடுங்க. தாய்மாமன் நான் இருக்கும்போ ஊருக்காரனுக்க பொருளா பந்தலுல முன்ன நிக்கது?"

பெண்ணுக்குத் தாய்மாமன் கொண்டுவருவதுதான் முதல் வரிசை. மாமன் பிணங்கினால் கல்யாணமே பிணங்கும். குழலை முற்றத்துப் பலாமரத்தில் கட்டினார்கள். செல்வதாஸ் வாசித்தார். குழல் வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு தொண்டையில் முள் மாட்டியவர் கனைப்பது போல ஒரு தரம் கனைத்துவிட்டு மறுபடி சும்மா இருந்தது.

"எப்பிடி அத்தான்?"

"மரத்துல கட்டினா நல்ல எடுப்பாத்தான் இருக்கு" என்றார் செல்வதாஸ்.

ஆபீசில் ஒரே இருக்கைக்கு மூன்று பேர் வந்து நின்றால் சமாளிக்கத் தெரிந்தவர் அவர். அன்று அந்திக்கு ஒரு முடிவுக்கு வந்தார். மூன்றையும் ஒன்றாக இணைத்துவிட்டால் மூன்று பேருக்கும் திருப்தி. மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒயரை முறுக்கினார், ஈயத்தில் விரலைச் சுட்டுக்கொண்டார், சுவிட்சைப் போட்டார்.

மூச்சிழுப்பும் முக்கலும் கனைப்பும் ஒரே நேரத்தில் புறப்பட்டன. பெட்டியின் முதுகிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. பிறகு வீடு இருண்டது.

அடுக்களையில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்த பெண்கள், "யாரும் அனங்காதீங்க, எண்ண இருக்கு" என்று சத்தம் போட்டார்கள். செல்வதாஸ் தடவித் தடவிப் போய்ப் பியூஸ் கட்டினார். வெளிச்சம் வந்து பார்த்தால், நல்லவேளை, ஆம்பிளிஃபயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொன்னதும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கர்த்தர் காத்தாரு" என்றான் ஞானசிங், மெதுவாக.

போகும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக அவரை ஓரமாக அழைத்துப்போய், "எனக்கதத்தான் போடணும், மத்தவன் பேச்சக் கேக்கப்பிடாது" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார்கள். மூன்று சத்தியமும் செய்துகொடுத்துவிட்டு செல்வதாஸ் வந்து பெட்டி அருகில் உட்கார்ந்தார்.

கிரேசி பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "அப்பா, நீங்க வாசிக்கணும்னு இல்ல. எனக்க பக்கத்துல வந்து நின்னாப் போரும்."

"ஊரே கெடந்து பாடுபடுதில்லா மக்களே. இனி நான் எப்பிடி விடமுடியும்?"

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவர் கையை எடுத்து, சுட்ட விரலை ஊதிவிட்டு எழுந்து போனாள்.

செல்வதாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த ஊரைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று இருந்தது. வாயால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஜனங்கள். அதற்குப் பதிலாக ஒருவன் மச்சான் வீட்டு ரேடியோவைப் பிரித்திருக்கிறான். ஒருவர் கொட்டகைக்குப் போயிருக்கிறார். ஒருவன் அருமனையிலிருந்து பஸ்ஸில் குழலை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். என் வாசிப்பைக் கேட்கவேண்டும் என்று மனசில் இல்லாமலா இவ்வளவும் செய்வார்கள்? பாராட்டு என்றால் இதுதான் பாராட்டு. 'நல்லாயிருந்துது' என்று சொல்லிவிட்டுப் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த அன்புக்கு நன்றாக வாசித்துக் காட்டவேண்டும். அதே சமயம் யாரையும் நோகடிக்கக் கூடாது. அப்போதுதான் யோசனை வந்தது. கோட்டாறுக்குப் போய் ஒரு நல்ல ஸ்பீக்கரை விலைக்கு வாங்கி, பெட்டிக்குள் வைத்து, முன்னால் அறுத்த ஓட்டையைத் துணி ஒட்டி மறைத்து, முதுகுப் பலகையை ஆணியடித்து மூடிவிடவேண்டும். மூன்று பேரிடமும், "உள்ள இருக்கது உனக்கதாக்கும்" என்று காதோடு சொல்லிவிடலாம். யார் பெட்டியைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

காலையில் யாரிடமும் சொல்லாமல் நாகர்கோவில் பஸ் ஏறினார். ராஜபாய் கேட்டதற்கு, சம்பந்தி வீட்டில் ஒரு வேலை இருக்கிறது என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கிட்டார் இருப்பது போல விரல்களை நகர்த்திக்கொண்டே போனார். வியாழக்கிழமை வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, ஊராருக்கு நன்றியாக நாலு வார்த்தை பேசவேண்டும் என்று நினைத்தார். என்ன பேசுவது என்றும் யோசித்து வைத்துக்கொண்டார்.

கோட்டாறு கடைத்தெருவில் செய்யது அலியின் ரேடியோ ரிப்பேர் கடையை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. விசாரித்துத்தான் போனார். கடைக்காரர் மேஜைமேல் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, என்ன வேணும்?"

"ஒரு ஸ்பீக்கர் வேணும். பழைய கிட்டார் ஆம்பிளிஃபயருக்கு."

செய்யது அலி நிமிர்ந்து பார்த்தார். "தக்கலையா? கல்யாண வீட்டுக்கா?"

செல்வதாஸுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கோட்டாறு வரைக்கும் பேச்சு வந்திருக்கிறது. "ஆமா. அந்தக் கல்யாண வீட்டுக்குத்தான்" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

செய்யது அலி தலையைச் சொறிந்தார்.

"என்ன செய்யதுக்கு? ரேடியோவுல கழிச்சது, கொட்டகையில கழிச்சது, தகரக் குழலு, கெட்டுப்போனது எல்லாத்தையும் உங்க ஊருக்காரங்களே பொறுக்கி எடுத்துட்டுப் போயாச்சு. இனி இஞ்ச நல்லா பாடுகதுதான் இருக்கு, பரவாயில்லியா?"