டெலானிப்பூர் மெஷின் கடையில் நான் போட்ட லிஸ்ட்

டெலானிப்பூர், போர்ட் பிளேர்
பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சண்முகம் அவர்களுக்கு, நாகலிங்கம் எழுதிக்கொள்வது.

இங்கு நலம், அங்கு நலமா என்று தொடங்குவதுதான் முறை. முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆபரேஷன் செய்த கண்ணில் எழுத்து தெரிகிறதா? தெரியாவிட்டால் அக்காவைப் படிக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து உங்கள் தங்கை நீலாவதியிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போனை அவள்தான் எடுக்கிறாள், வாட்ஸ்அப்பையும் அவள்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறாள். அதனால்தான் இந்தக் காலத்திலும் ஸ்டாம்ப் ஒட்டி உங்கள் கடை விலாசத்துக்கு எழுத வேண்டியதாயிற்று.

உங்களைக் கவனித்துக்கொள்ள அவள் கப்பல் ஏறிய அன்று, பக்கத்து வீட்டு விஜயலட்சுமி உட்பட நாலு பேர் காது கேட்க, "நான் இல்லேன்னா இவருக்கு ஒரு துண்டு துவைச்சுக்கத் தெரியாது" என்றாள். சாத்தம் மர மில்லில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்து, தினமும் காலையில் முந்நூறு பேருக்கு ஆஜர் எடுத்தவனைப் பார்த்துச் சொன்னாள் மச்சான். நானும் ரோஷத்தில், "நீ திரும்பி வரும்போது வீட்டில் ஒரே ஒரு அழுக்குத் துணி இருந்தாலும் என் பெயரை மாற்றி வை" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மெஷினில் துணியைப் போட்டுப் பட்டனை அழுத்தினால் அது தண்ணீரே எடுக்கவில்லை, நாலு முறை கூவிவிட்டு நின்றுவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவர் மெஷினை வந்து பார்க்காமலே, "பார்ட் போயிருக்கும், மெயின்லேண்ட்லேருந்து வரணும்" என்றார். கையால் துவைக்கலாம் என்றால் மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர் சோறு பொங்கவும் குளிக்கவுமே சரியாக இருக்கிறது. மூன்று வாரத் துணி, நாலு போர்வை, ஜன்னல் திரை எல்லாம் சேர்ந்து கட்டிலில் எனக்குப் படுக்க இடமில்லாமல் போய்விட்டது.

இங்கே மேட்டில் புதிதாக ஒரு துணி துவைக்கிற கடை திறந்திருக்கிறார்கள். ஐந்து மெஷின். நாமே துணியைப் போட்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் தேவேந்திரன், கான்ட்ராக்டர், நம் அருப்புக்கோட்டைப் பக்கம்தான். பார்த்துக்கொள்ள ராணி என்று ஒரு வங்காளிப் பெண். அங்கே நடக்கிற அநியாயத்தை என்னவென்று சொல்வது. காலை ஏழு மணிக்கு ஐந்து பேர் வந்து துணியைப் போட்டுவிட்டு, ஒருவர் மீன் வாங்க ஜங்கிளிகாட்டுக்கும், ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் போய்விடுகிறார்கள். நாற்பது நிமிஷத்தில் மெஷின் நின்றுவிடுகிறது, ஆள் வருவதோ பத்து மணிக்கு. அதுவரை அந்த ஈரத் துணி உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் தொடக்கூடாதாம். வெளியே பதினைந்து பேர் மூட்டையோடு நிற்கிறோம். சிலர் மூட்டையைக்கூடக் கொண்டுவராமல் ஒரு காலி வாளியை வைத்துவிட்டுப் போகிறார்கள். வாளிக்கு அடுத்து நான் நிற்க வேண்டும். முதல் நாள் ஒரு வாளிக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நின்றேன் மச்சான், அந்த வாளி யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

பொறுத்துப் பார்த்து, மறுநாள் இந்தத் தீவு வழக்கப்படி ஒரு லிஸ்ட் போட்டேன். இங்கே கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பவர்களே பெயர் எழுதி ஆஜர் எடுப்போமே, அதே மாதிரி. வெள்ளைத் தாளில் நம்பர், பெயர். ஏழு மணி, எட்டரை, பத்து என்று மூன்று ஆஜர். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பெயர் அடிக்கப்படும். மெஷின் நின்று ஐந்து நிமிஷத்தில் ஆள் வராவிட்டால் துணி கூடைக்கு மாறும், அடுத்த நம்பர் ஏறும். வெள்ளை ஒரு மெஷின், சாயம் போகிறது ஒரு மெஷின், போர்வைக்கு ஒன்று என்று பிரித்தும் விட்டேன். மூன்றே நாளில் பத்து மணிக்குள் எல்லாரும் துவைத்து முடித்து வீட்டுக்குப் போனார்கள். ராணியே, "அங்கிள், ஆப் தோ ஆபீசர் ஹை" என்றாள், நீங்கள் ஆபீசரேதான் என்று.

நாலாம் நாள் வந்தது வினை. லிஸ்டைக் கதவில் ஒட்டியிருந்தேன். அந்த வழியே போன ஒரு புண்ணியவான், தாளில் நம்பரும் பெயரும் ஆஜர் நேரமும் இருப்பதைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் தன் குடும்பத்தில் ஐந்து பேர் பெயரை எழுதிவிட்டார். அதைப் பார்த்து இன்னொருவர். எட்டரை ஆஜருக்குத் தாளை எடுக்க நான் வெளியே வந்தால் எழுபது பேர் நிற்கிறார்கள். முன்னால் நின்றவர் முருகையா, ஹட் பே தீவுக்காரர், பை, பாய், தண்ணீர் பாட்டில் எல்லாம் தயார். "அண்ணே, ஹட் பே கப்பல் எத்தனை மணிக்கு? படுக்க பங்க் கிடைக்குமா, திறந்த டெக்தானா?" என்றார். இது துணி துவைக்கிற வரிசை ஐயா என்றேன். அவர் நம்பவில்லை. டிக்கெட்டை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே துணிக்கதை சொல்கிறேனாம். விஷயம் புரிந்த பிறகும் பாதிப் பேர் போகவில்லை, நம்பர் கிடைத்ததை விடுவானேன் என்று வீட்டுக்கு ஓடித் துணி எடுத்து வந்தார்கள். முருகையா கட்டியிருந்த வேட்டியையே அவிழ்த்துத் துவைக்க எடுத்து வைத்துவிட்டு, லுங்கியில் உட்கார்ந்து தன் நம்பருக்குக் காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தேவேந்திரன் வந்தார். ரோடு வரை நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார், லிஸ்டைக் கிழித்தார். "இது என்ன கப்பல் ஆபீசா? உங்களை யார் ஆஜர் எடுக்கச் சொன்னது? இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்று எழுபது பேர் முன்னால் சொல்லி, பாதி துவைத்திருந்த என் துணியைச் சோப்பு நுரையோடு பையில் அள்ளிக் கையில் கொடுத்துவிட்டார். அவசரத்தில் என் சிவப்புத் துண்டும் வெள்ளைச் சட்டைகளும் ஒரே பைக்குள் போய், ஆறு சட்டையும் ரோஸ் கலர். இதற்கு முழுப் பொறுப்பும் அவர்தான். வீட்டுக்கு வந்தால் அலசத் தண்ணீர் இல்லை. மாடியில் போட்டால் மழை. மழையாவது அலசட்டும் என்று விட்டேன், உடனே வெயில் அடித்துச் சோப்போடு காய்ந்து எல்லாம் அப்பளமாக நிற்கிறது. ஒழுங்கு செய்ய வந்தவனுக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதை இவ்வளவுதான் மச்சான். எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இருபத்திரண்டாம் தேதிக் கப்பலில் அவளை ஏற்றிவிடாதீர்கள். கண் உறுத்துகிறது என்று சொல்லுங்கள், தலை சுற்றுகிறது என்று சொல்லுங்கள், அடுத்த கப்பல் வரை நிறுத்தி வையுங்கள். அவள் சொன்னது நிஜமாகிவிட்டது என்று விஜயலட்சுமி முன்னால் நான் நிற்க முடியாது.

அக்காவுக்கு என் வணக்கங்களும், பிள்ளைகளுக்கு ஆசிகளும். உங்கள் கண் சீக்கிரம் தெளிய முருகனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன் நாகலிங்கம்

பின்குறிப்பு: அண்ணனுக்கு நீலாவதி எழுதுவது. கப்பல் வேண்டாமென்று நீங்கள் ஏற்றிவிட்ட விமானத்தில் இன்று மதியம் நல்லபடியாக வந்து இறங்கினேன். வீட்டில் அவர் இல்லை, மேசையில் இந்தக் கடிதம் ஒட்டாமல் கிடந்தது. மெஷினுக்கு ஒன்றுமில்லை அண்ணா. ஊருக்குக் கிளம்பும்போது அதன் பின்னால் இருக்கிற தண்ணீர்க் குழாயை மூடியது நான்தான், அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். இன்று தண்ணீர் வருகிற நாள், திறந்ததும் ஓடியது. அவர் எங்கே என்று விஜயலட்சுமியைக் கேட்டேன். லிஸ்ட் இல்லாமல் காலையில் கடையில் அடிதடியாம், தேவேந்திரனே வீடு தேடி வந்து கூட்டிப் போனாராம். நான் மெதுவாகப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். ரோஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, காதில் பென்சிலோடு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். ரிட்டயர் ஆன இரண்டு வருஷத்தில் அவர் ஷேவ் செய்து நான் பார்த்தது இன்றுதான். அவர் கண்ணில் படாமல் திரும்பி வந்து குழாயை மறுபடியும் மூடிவிட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.