அப்பாவின் மொபெட்டுக்கு நான் வைத்த செட்டிங்

அரைகுறையாகத் தெரிந்தவர்களால்தான் உலகத்துக்கு ஆபத்து என்பார்கள். நான் அரைகூட இல்லை, வெறும் குறை. அப்படியிருந்தும் இருபது வயதில் ஓர் எஞ்சினைப் பிரித்து, அதைச் செய்த கம்பெனிக்காரர்களே நினைத்துப் பார்க்காத திசையில் ஓட வைத்தேன். (திசை என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பொறுங்கள், வருகிறேன்.)

விருத்தாசலத்தில் எங்கள் அப்பாவுக்கு அகல் விளக்கு வியாபாரம். செராமிக் சூளைகளில் விளக்கு வாங்கி, வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டி, தன் பழைய மொபெட்டில் கொண்டுபோய் வேப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கும் பொம்மையும் விற்கிற கடைக்காரர் இறக்கிக்கொள்வார். எங்கள் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ரயில்வே மேம்பாலம். அதுதான் வில்லன். சமதளத்தில் ராஜநடை போடுகிற மொபெட், ஏற்றத்தைக் கண்டதும் இருமத் தொடங்கும். அப்பா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவார்.

நான் அப்போது செராமிக் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலேஜ் பஸ்ஸுக்கு வேறு நேரமே கிடைக்காது. சரியாக அப்பா தள்ளும்போதுதான் பாலத்தில் ஏறும். "ஏய் கலை, உங்கப்பா வண்டிய வாக்கிங் கூட்டிட்டுப் போறாரு பாரு" என்றாள் தோழி சுகந்தி. பஸ்ஸே சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். ஆனால் உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. கோபம் சுகந்தி மேல் இல்லை, அப்பா மேல். அப்படிக் கோபப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. இனி அப்பா அந்தப் பாலத்தில் வண்டியைவிட்டு இறங்கவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வழி செல்போனில் கிடைத்தது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் தன் கார் எஞ்சினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவைச் செலுத்த, கார் தீபாவளி ராக்கெட்டாகப் பறந்தது. பல் டாக்டர்கள் வைத்திருக்கும் சிரிப்பு வாயுவேதான். எஞ்சினுக்குள் போனால் கூடுதல் பிராணவாயு கொடுத்து, பெட்ரோலைக் கூடுதலாக எரிய வைக்குமாம். கேக் மேல் பூசுகிற க்ரீமை நுரைக்க வைப்பதும் அதே வாயு. சின்னச் சின்ன இரும்புக் குப்பிகளில் வருகிறது. சுகந்தியின் அண்ணன் பேக்கரி வைத்திருந்தார். தெய்வமே வழி காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். வாயு உள்ளே போனால் நெருப்பு வேகமாகப் பரவும். அதனால் பிளக்கில் தீப்பொறி வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக விழ வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும் என்றார் அந்த வெளிநாட்டுக்காரர். தாமதப்படுத்துவதற்கென்று ஒரு கறுப்புப் பெட்டியையும் காட்டினார். அதன் விலைக்கு எங்கள் மொபெட்டையும் அதை ஓட்டுகிற அப்பாவையும் சேர்த்தே வாங்கலாம். செலவில்லாமல் தாமதப்படுத்த வழி உண்டா என்று தேடினேன். உண்டு. எஞ்சினோடு சுழலும் மேக்னட்டுக்குப் பின்னால் ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பது அதன் கையில். திருகுகளைத் தளர்த்தி, தட்டை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி முறுக்கினால் போதும்.

அந்த மயிரிழையில்தான் சனி உட்கார்ந்திருந்தது. எங்களுடையது சூளை ஊர். சூடு ஆறுவதற்குள் சூளையைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விட்டுவிடும். 'ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா' என்று எல்லோரிடமும் திட்டு வாங்கி வளர்ந்தவள் நான். தாமதத்தால் எதுவும் கெட்டு எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே, கொஞ்சம் தாமதம் நல்லதென்றால் நிறையத் தாமதம் ரொம்ப நல்லதுதானே? தட்டு எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திருப்பினேன். அதற்கு மேல் திருகுத் துளை இடம் கொடுக்கவில்லை. அரத்தால் துளையை ராவிவிட்டு, இன்னும் திருப்பினேன். (பிஸ்டன் நீடூழி வாழட்டும் என்ற நல்லெண்ணம்.) பிறகு வாயுக் குப்பி மாட்டிய, பிடியை அழுத்தினால் பீய்ச்சுகிற பேக்கரி க்ரீம் குடுவையைச் சீட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ட்யூபால் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயைக் கார்பரேட்டர் வாய்க்கு விட்டேன்.

கார்த்திகைக்கு முந்தின வாரம். அப்பா காலையில் சாக்குகளைக் கட்ட வந்தவர், குழாயைப் பார்த்தார். "இன்னா கலை, வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்தியிருக்க?"

"மேம்பாலம் வந்ததும் இந்தப் பிடிய அமுத்துங்கப்பா. சும்மா பிச்சிக்கினு போவும்."

"வெளக்கு ஒடையாம போனா சரி" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெற்றியை நேரில் பார்க்க வேண்டுமே. சைக்கிளில் பின்னாலேயே போனேன். சமதளத்திலேயே மொபெட் முக்கியது. சைலன்சர் தோசைக்கல்லாகக் காய்ந்தது. பாலத்தில் கால்வாசி ஏறியதும் எஞ்சின் அணைந்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்து நின்றது காலேஜ் பஸ். ஜன்னலுக்கு ஜன்னல் தெரிந்த முகங்கள்.

அப்பா இறங்கப் போனார். "எறங்காதீங்கப்பா, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். அவர் கிக்கரை உதைத்தார். கிக்கர் அவரை ஒரு முறை திருப்பி உதைத்தது. பிறகு எஞ்சின் ஓட ஆரம்பித்தது. அடடா, என்ன இனிமையான சத்தம். வாங்கின புதிதில்கூட அப்படி ஓடியிருக்காது. அப்பா திரும்பி என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

வண்டி பின்னால் வந்தது.

தீப்பொறியை அளவுக்கு மீறித் தாமதப்படுத்தினால், இந்த மாதிரி எஞ்சினுக்கு அது எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சரியான நேரமாகிவிடுமாம். இதெல்லாம் பிறகு மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது, அப்பாவின் முதுகு பெரிதாகிக்கொண்டே வருகிறது என்பது மட்டும்தான். வண்டிக்கு வலு போதவில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். நான் "தொடாதீங்கப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் பிடியை அழுத்திவிட்டார்.

நைட்ரஸ் போட்டுப் பின்பக்கமாகப் பாய்ந்த மொபெட் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். விளக்குச் சாக்கு என் சைக்கிளில் மோத, நானும் சைக்கிளும் பஸ்ஸின் பம்பரில் சாய்ந்தோம். அப்பா பிரேக்கைப் பிடித்து நின்றார். சிரிப்பு வாயு என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருத்தரும் முகராமலே பஸ் முழுக்க வேலை செய்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேப்பூர் பஸ் கிளம்பிவிட்டால் கார்த்திகைக்குக் கடையில் விளக்கு இருக்காது. அடுத்த வருஷம் அந்தக் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். "எறங்குங்கப்பா, நானே தள்ளிட்டு வரேன்" என்றேன். எதை அவர் செய்யக் கூடாது என்று இத்தனை பாடுபட்டேனோ, அதைச் செய்யும்படி என் வாயாலேயே சொன்னேன்.

அப்பா பாலத்தைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த மொபெட்டைப் பார்த்தார். "இரு. பின்னாலதான போவுது? அப்ப வண்டியத் திருப்பு."

திருப்பினோம். பஸ்ஸுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு, அப்பா ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். நான் சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டுக் கேரியரைப் பிடித்து வழி காட்ட, விளக்குச் சாக்கு முன்னால் போக, மொபெட் மேம்பாலத்தில் ஏறியது. பஸ் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பஸ் டிரைவரும் அப்பாவும் பாலம் நெடுக முகத்துக்கு முகம்.

"இன்னாண்ணே, இப்பிடிப் போறீங்க?" என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"வூட்டப் பூட்டினனா இல்லியான்னு பாத்துக்கினே போறேன்" என்றார் அப்பா.

உச்சிக்குப் போனதும் எஞ்சினை அணைத்து, வண்டியை நேராக்கி, இறக்கத்தில் உருண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வேப்பூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. சாக்குகளை ஏற்றிவிட்டு மூச்சு வாங்க நின்றபோது, "நீங்க பாலத்துல எறங்கித் தள்ளக் கூடாதுன்னுதான்பா செஞ்சேன்" என்றேன்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தள்றதுல எனக்கு இன்னா கஷ்டம்? பாலத்து மேல நல்லா காத்து வரும். செத்த நின்னு வாங்கிட்டுப் போவேன். இன்னைக்குத்தான் நிக்க முடியல."

அந்தப் பாலத்தில் கஷ்டப்பட்டது நான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது நான் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளையைக் கவனிக்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் மிக்ஸி மூடி கழன்றால்கூட என் கையில் ஸ்குரூ டிரைவர் தர மாட்டார்கள். அன்றைக்குச் சாக்கில் விளிம்பு உடைந்த விளக்கு ஒன்றை அப்பா பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். கார்த்திகைக்குக் கார்த்திகை வாசல்படியில் விளக்கு வரிசை வைக்கும்போது எல்லாத் திரியும் தெருவைப் பார்த்திருக்கும். அது மட்டும் வீட்டைப் பார்த்திருக்கும். கல்யாணமான வருஷம் விவரம் தெரியாத என் கணவர் அதைச் சரியாகத் திருப்பி வைத்தார். அப்பா குனிந்து மறுபடி வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"அத மாத்தாதீங்க மாப்ள. அது கலை வெச்ச செட்டிங்கு."